4 பாகைத் தண்ணீரில் கதகதப்புத் தருவது உள்ளுடைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பயணப் பகுதியில் ஒன்ராறியோவின் ரொபர்மோரியில் சுழியோடுவது பற்றி வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் அதில் கொடுத்த வாங்கவேண்டிய பொருட்களின் பட்டியலில் டிரைசூட் (தண்ணீர் புகாத சுழியோடல் உடை) முதலாவதாகவும், அதற்குள் அணியும் உள்ளுடை கடைசியில் 'தேவைப்பட்டால்' என்ற குறிப்போடும் இருந்தது. அப்படியே வாங்கிக்கொண்டு இறங்குபவர் கால் மணித்தியாலத்தில் பல் கிடுகிடுக்க மேலே வருவார். டிரைசூட்டின் வேலை தண்ணீரை வெளியே நிறுத்துவது. உடம்பைக் குளிரிலிருந்து காப்பது உள்ளுடையின் இழைகளுக்குள் அசையாமல் நிற்கும் காற்று.

அந்தத் தண்ணீரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். ஓகஸ்ற் மாதத்தில், ஹியூரன் ஏரியின் பகுதியான ஜோர்ஜியன் குடாவின் மேல்நீரில் சிறுவர்கள் நீந்துகிறார்கள். ஆனால் நன்னீருக்கு 4 பாகை செல்சியஸில்தான் அடர்த்தி அதிகம். அந்தக் கனத்த நீர் அடியில் போய்த் தங்கிவிடும். கோடை வெயில் அதுவரை இறங்காது. பிக் ரப் துறையில் 6 மீற்றரில் கிடக்கும் ஸ்வீப்ஸ்ரேக்ஸ் கப்பலைப் பார்க்க 7 மி.மீ. தடிப்புள்ள வெற்சூட் (குமிழ்கள் நிறைந்த நியோப்ரீன் ரப்பர் உடை) போதும். 1884இல் மூழ்கிய அரேபியா என்ற கப்பல் 30 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல 4 மடங்கு. நியோப்ரீனுக்குள் இருக்கும் குமிழ்கள் கால்வாசியாகச் சுருங்கிவிடும், 7 மி.மீ. என்பது பெயரளவில்தான்.

சூட்டின் துணி பற்றிக் கடைகளில் நடக்கும் வாதங்கள் நீளமானவை. இரண்டு நைலோன் தாள்களுக்கு நடுவே பியூட்டைல் ரப்பர் வைத்த ரைலமினேற், தானாக எந்தச் சூடும் தராது. எந்த ஆழத்திலும் ஒரேமாதிரி இருக்கும், விரைவில் காயும். அழுத்திய நியோப்ரீன் கொஞ்சம் சூடு தரும், பாரமும் கூட. முதல் சூட்டுக்கு ரைலமினேற் நல்லது. உள்ளுடையை மாற்றினால் அதே சூட் ஏப்ரலுக்கும் ஓகஸ்ற்றுக்கும் உதவும்.

ஆகவே உள்ளுடையை முதலில் வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டே சூட்டை அளவு பாருங்கள். தோலோடு ஒட்டும் படை சதுர மீற்றருக்கு 200 கிராம் மெரினோ கம்பளியாகவோ பொலியெஸ்ரராகவோ இருக்கட்டும். பருத்தி நம்மூர் வெயிலுக்கு ஏற்றது. இங்கே அது வியர்வையைக் குடித்துத் தோலில் ஒட்டிக்கொண்டு உடல் வெப்பத்தை உறிஞ்சும். அதன்மேல் 4 பாகைக்கு 400 கிராம் தின்சுலேற் (செயற்கை இழை) வகை முழு உள்ளுடை. 10 முதல் 14 பாகைக்கு 200 கிராம் போதும். வாத்திறகு அடைத்த ஜக்கற்றை நினைத்தும் பார்க்கவேண்டாம். சூட்டின் அழுத்தத்தில் அது தட்டையாகும், ஒரு கசிவு வந்தால் களியாகும். தின்சுலேற் நனைந்தாலும் ஓரளவு காக்கும். படைகளைக் கூட்டிக்கொண்டே போவதும் பிழை. இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு தடித்த காலுறை போட்டால் காற்றும் நசுங்கும், இரத்த ஓட்டமும் குறையும். விரல்கள்தான் முதலில் விறைக்கும்.

அளவு பார்க்க மூன்று அசைவுகள் போதும்: முழுதாகக் குந்துதல், இரு கைகளாலும் தோள்களைக் கட்டிக்கொள்ளுதல், கழுத்துக்குப் பின்னால் இருக்கும் சிலிண்டர் வால்வை எட்டுதல். கடைசியது முடியாவிட்டால் அந்தச் சூட் வேண்டாம். சப்பாத்துப் பகுதி பெரிதாக இருந்தாலும் வேண்டாம். சூட்டுக்குள் விடும் காற்று அங்கே ஓடிச் சேர்ந்தால் கால் மேலும் தலை கீழுமாகத் தூக்கிவிடும், காற்றை வெளியேற்றும் வால்வோ தோளருகே இருக்கிறது. அப்படி நேர்ந்தால் முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து உருண்டு நிமிர்ந்து, உடனே இடது கையை உயர்த்திக் காற்றை விடவேண்டும். இதை நீச்சல் தடாகத்தில் பயிற்றுனரோடு பழகாமல் ஏரிக்குப் போகக்கூடாது.

தண்ணீர் புகாமல் கழுத்தைப் பிடிக்கும் ரப்பர்ப் பட்டியை ('சீல்') அளவுக்கு வெட்டும்போது பலர் அவசரப்படுகிறார்கள். லேற்றெக்ஸ் சீலில் வளையக் கோடுகள் உண்டு. ஒரு தடவைக்கு ஒரு வளையம் மட்டும், கூரிய கத்தரிக்கோலால், ஓரத்தில் பிசிறில்லாமல் வெட்டவேண்டும். சிறு வெட்டுக்காயம் இருந்தாலும் அங்கேதான் கிழியும். இறுக்கமாக விட்டாலும் ஆபத்து: கழுத்து நாடி அழுந்தி, தலைசுற்றி மயக்கம் வரலாம். கையின் 'சீல்' பட்டியை மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஏற்றிப் போடுங்கள். கையை இறுக்கிப் பிடிக்கும்போது தசைநார்களுக்கிடையே விழும் பள்ளத்தால்தான் பெரும்பாலும் தண்ணீர் கசிகிறது. லேற்றெக்ஸுக்கு வாசனையில்லாத டல்க் பூசலாம். எண்ணெயும் வெயிலும் ஆகா.

கைக்கு, 4 பாகையில் வளையம் பூட்டும் உலர் கையுறையும் உள்ளே கம்பளிக் கையுறையும் சிறந்தவை. மணிக்கட்டு சீலுக்கு அடியில் மெல்லிய குழாய்த்துண்டு ஒன்றைச் செருகினால் சூட்டின் காற்று கையுறைக்குள்ளும் போகும். இல்லாவிட்டால் ஆழத்தில் கையுறை நசுங்கி, கம்பளி பயனற்றுப்போகும். இதற்கு ஒரு விலை உண்டு. கையுறை கிழிந்தால் தண்ணீர் கை வழியே சூட்டுக்குள் வரும்.

கீழே இறங்கக் கட்டிக்கொள்ளும் ஈயக்கட்டியின் அளவைக் கணக்கில் பார்க்காமல் தண்ணீரில் பாருங்கள். சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மட்டும் இருக்க, 5 மீற்றரில், பீசீடி (மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டை) காலியாக, சூட்டில் அது உடலை நசுக்காத அளவு காற்று மட்டும் வைத்து அசையாமல் நிற்க முடியவேண்டும். கரீபியன் கடலில் பழகியவர்களுக்கு நன்னீரில் 2 முதல் 3 கிலோ குறையும். ஆனால் தடித்த உள்ளுடை அதை மறுபடி கேட்டு வாங்கிவிடும்.

மின்சாரத்தால் சூடாகும் மேலங்கி இப்போது நாகரிகம். அடியில் சூடாக இருந்து, மேலே வரும்போது பட்டரி தீர்ந்து குளிர்வதுதான் மிக மோசமான வரிசை. சூடான உடல் நைதரசனை நன்றாக உள்வாங்கிக்கொள்ளும். குளிர்ந்த உடல் அதை மெதுவாகத்தான் விடும், விடுபடாதது குமிழாகி நோய் தரலாம். அமெரிக்கக் கடற்படையின் சோதனைச் சுழியோடல் பிரிவு 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. பட்டரி தீர்ந்தாலும் தாங்கும்படி உள்ளுடையைத் தெரிவுசெய்யுங்கள். மேலங்கியின் வெப்பத்தை அடியில் குறைவாகவும் ஏறும்போது கூடுதலாகவும் வையுங்கள்.

ரெகுலேற்றரில் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) '10 பாகைக்கு மேல்' என்ற குறி இருந்தால் அது இந்த ஏரிக்கு ஆகாது. சிலிண்டரோடு பூட்டும் முதற்கட்டம் உறைந்து காற்று நிற்காமல் கொட்டலாம். பொருத்தமானதை வைத்திருந்தாலும் படகில் நின்று மூச்சிழுத்துச் சோதிக்கவேண்டாம், சூட்டுக்கும் பொத்தானை விட்டுவிட்டு அழுத்திச் சிறிது சிறிதாகவே காற்றை விடுங்கள்.

கட்டுரையின் பட்டியலை இணையப் பதிப்பில் திருத்த முடியுமானால், உள்ளுடையை முதல் வரிக்கு ஏற்றி, 'தேவைப்பட்டால்' என்ற சொல்லை எடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சுழியோடி ஒருவர்,
ஸ்காபரோ