அம்மாவிடமே கேளுங்கள்

விமான நிறுவனங்களிலும் விமான நிலையங்களிலும் பயணிகள் கப்பல்களிலும் வேலை பார்ப்பவர்களுக்கு,

வணக்கம். வயதான அம்மாவை முதன்முறையாக விமானத்தில் கூட்டிப்போய், இறங்கிய ஊரில் கப்பலும் ஏற்றிய மகள் எழுதுகிறேன். இது புகார்க் கடிதம் இல்லை. உங்களில் யாரும் அம்மாவிடம் கடிந்து பேசவில்லை. சொல்லப்போனால், ஒரே ஒருவரைத் தவிர அம்மாவிடம் யாரும் பேசவே இல்லை. "அம்மா நடப்பாங்களா?" "அம்மாவுக்கு ஜன்னல் சீட்டா?" "அம்மா மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?" எல்லாக் கேள்வியும் என்னிடம். பக்கத்திலேயே நின்றிருந்த அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். மொழி புரியாத இடங்களில்கூட அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். எடுத்துச் சொல்ல நான் இருந்தேன்.

மரியாதைக் குறைவு என்று மட்டும் இதைச் சொல்லவில்லை. முதல்முறை பயணம் செய்யும் பெரியவர்களுக்குப் பறப்பது அவ்வளவு பெரிய பயமில்லை. எல்லார் முன்னாலும் ஏதாவது தப்பாகச் செய்து பிள்ளைக்குத் தலைகுனிவு ஏற்படுத்திவிடுவோமோ என்பதுதான் பயம். அதனால் தெரியாததைக் கேட்க மாட்டார்கள். நீங்களாக வந்து சொன்னால்தான் உண்டு. அதையும் எங்களிடம் சொல்லிவிட்டுப் போனால், பாதிதான் போய்ச் சேரும்.

சக்கர நாற்காலியையே எடுத்துக்கொள்வோம். நோயாளிகளுக்குத்தான் அது என்பது அம்மாவின் எண்ணம். நான் எத்தனை முறை சொல்லியும் அசையவில்லை. உங்களில் ஓர் ஊழியர் குனிந்து, "இங்கேயிருந்து ஏறுற வாசல் ரொம்ப தூரம்மா. அதுவரைக்கும் தள்ளிட்டு வரேன், அப்புறம் நீங்களே நடந்து ஏறிக்கலாம்" என்றார். அம்மா உடனே உட்கார்ந்துவிட்டார். உங்கள் தொழிலில் இதற்கு மூன்று வகை இருக்கிறது என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது: படியேற முடிந்தும் நீண்ட தூரம் நடக்க முடியாதவர், படியேற முடியாதவர், இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டியவர். முதல் வகையில்தான் நிறையப் பெற்றோர் வருவார்கள். முன்பதிவு செய்யும் இடத்தில் இதை இந்த மாதிரி எளிய சொற்களில் எழுதி வைத்தால், வீட்டில் நடக்கும் வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

பாதுகாப்புச் சோதனையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொடுவதற்கு முன்னால் "தொடப்போறேன்" என்று அவரிடமே ஒரு வார்த்தை சொல்லுங்கள். முழங்காலில் உலோக மூட்டோ இதயத்தில் பேஸ்மேக்கரோ இருக்கிறதா என்று கருவி கத்துவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கத்திய பிறகு கேட்டால் குற்றவாளிபோல ஆகிவிடுகிறார்கள்.

விமானத்துக்குள் பேச வேண்டிய பெரிய விஷயம் கழிப்பறை. சிரிக்காதீர்கள். ஆக்சிஜன் முகமூடி மேலிருந்து விழுந்தால் எப்படி மாட்டிக்கொள்வது என்று ஒவ்வொரு விமானத்திலும் செய்து காட்டுகிறீர்கள். அது தேவைப்படாமலே பெரும்பாலான பயணிகள் வாழ்ந்து முடித்துவிடுவார்கள். நிச்சயம் தேவைப்படும் இந்தக் கதவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நடுவில் அழுத்தினால் உள்பக்கமாக மடியும் கதவை முதன்முறை பார்ப்பவர் கைப்பிடியைத் தேடிக்கொண்டு நிற்கிறார். தாழ்ப்பாளைத் தள்ளினால்தான் பல விமானங்களில் விளக்கு முழுதாக எரியும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பொத்தானை அழுத்தியதும் எழும் அந்தப் பேரோசை வேறு. வெளியே காற்றழுத்தம் குறைவு. அந்த வித்தியாசத்தைக் கொண்டே கழிவை உறிஞ்சி இழுப்பதால் வரும் சத்தம் அது. தெரியாதவருக்கு எதையோ உடைத்துவிட்டோம் என்றுதான் தோன்றும்.

விளைவு என்ன தெரியுமா? எழுந்து போக வேண்டி வருமே என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். பறக்கும் விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். தொண்டை காயும், உதடு வெடிக்கும், ஏற்கெனவே நீர்மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலை சுற்றும். எழுந்திருக்காமலே 4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடுகிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் நீங்கள் "தண்ணி வேணுமா?" என்று கேட்டு, அவர் வேண்டாம் என்று தலையாட்டியதும் நகர்ந்துவிடுகிறீர்கள். அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் கதவுதான் இருக்கிறது. பெல்ட் விளக்கு அணைந்த பிறகு ஒருவர் கூடவே போய்க் கதவை மடித்துக் காட்டினால் ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைப் பிள்ளையே செய்யலாம் என்பீர்கள். செய்யலாம்தான். ஆனால் அப்பாவோடு வரும் மகளும் அம்மாவோடு வரும் மகனும் இதைப் பேசவே கூச்சப்படுவார்கள்.

இன்னொன்று, காது. விமானம் ஏறும்போது நடுக்காதில் உள்ள காற்று அநேகமாகத் தானே வெளியேறிவிடும். இறங்கும்போது காற்று உள்ளே போயாக வேண்டும். அதற்கு எச்சில் விழுங்கவோ கொட்டாவி விடவோ வேண்டும். தூங்குகிறவர் அடிக்கடி விழுங்குவதில்லை. அதனால்தான் நன்றாகத் தூங்கி எழுந்தவர் காதைப் பொத்திக்கொண்டு துடிக்கிறார். இறங்கத் தொடங்கும்போது இருக்கையை நிமிர்த்தச் சொல்கிறீர்கள், மேசையை மடிக்கச் சொல்கிறீர்கள். "தூங்குபவர்களை எழுப்புங்கள், ஒரு மிட்டாய் வாயில் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சேர்த்துச் சொன்னால் என்ன?

கப்பல்காரர்களுக்கு இனி. நீங்கள் இதில் கொஞ்சம் பரவாயில்லை, காரணம் ஒரு பெரிய விபத்து. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்யோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு அவசரகாலப் பயிற்சியை மறுநாள் வைத்திருந்தார்கள். 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. அதன்பின் சோலாஸ் என்ற சர்வதேச கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். ஒரு நாளுக்கு மேல் பயணிகள் தங்கும் கப்பல்களில், புறப்படும் முன்போ புறப்பட்டவுடனோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்பது 2015 முதல் கட்டாயம்.

அப்படி உயிர்களைக் கொடுத்து வாங்கிய விதியைச் செல்போனுக்குள் அடக்கிவிடாதீர்கள். இப்போது பல கப்பல்களில் காணொளியைப் போனிலோ அறைத் தொலைக்காட்சியிலோ பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்குப் போய்ப் பதிவு செய்துகொண்டால் வேலை முடிந்தது. காணொளி ஓடும்போது அம்மா குளியலறையில் இருந்தாலும், "பார்த்தாயிற்று" என்பதைப் பிள்ளை தட்டிவிட முடியும். வயதானவர்களை மட்டுமாவது ஓர் ஊழியர் கூட்டிப்போய், அறையிலிருந்து கூடும் இடம் வரை படியில் நடக்கவிட்டு, உயிர்காப்பு உடுப்பை அவர் கையாலேயே மாட்டவையுங்கள். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி என்று எழுதிக் காட்டுவதைவிட ஒருமுறை காதில் கேட்கவிடுவது மேல். கதவடியில் உயர்ந்து நிற்கும் இரும்புத் தடுப்பையும் அப்போதே காட்டிவிடலாம். பாதிப் பேர் தடுக்கி விழப்பார்ப்பது அங்கேதான்.

கடல் குமட்டலுக்கு மாத்திரை கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார், கண் அழுத்த நோய் உண்டா, சிறுநீர் போவதில் சிக்கல் உண்டா என்று அவரிடம் கேளுங்கள். இந்த மருந்துகளில் பல, முதியவர்களுக்குத் தூக்கத்தையும் குழப்பத்தையும் தரும். ஆடும் தரையில் அது விழுவதற்கு வழி. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு என்பதை அறை விற்கும்போதே சொல்லிவிட்டால் மாத்திரையே தேவைப்படாமல் போகலாம். ஆனால் விலை கூடிய மேல்தள அறையைத்தானே முதலில் காட்டுகிறீர்கள்!

கரையணைய முடியாத இடங்களில் சிறு படகுக்கு மாற்றி ஏற்றுவதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். மேலும் கீழும் ஆடும் படகுக்குள் கால் வைக்க முடியுமா என்று, பின்னால் வரிசை நெருக்கும்போது முடிவெடுக்கச் சொல்வது நியாயமில்லை.

இதற்கெல்லாம் புதிய துறை எதுவும் தேவையில்லை. முன்பதிவில் உணவு, இருக்கை, சக்கர நாற்காலி என்று கேட்கும் இடத்தில் "இவருக்கு இது முதல் பயணமா?" என்று ஒரு கட்டம் வையுங்கள். அதில் குறி போட்டவருக்கு, கதவு, காது, படகு எல்லாவற்றையும் எளிமையாக அவர் மொழியில் பேசிப் பதிவு செய்து, கிளம்பும் முன் அனுப்புங்கள். என் எண்ணுக்கு வேண்டாம், அம்மாவிடமும் போன் இருக்கிறது. முன்பதிவில் அந்த எண்ணையும் கொடுத்திருந்தேன். இதுவரை யாரும் அதற்கு ஒரு செய்தி அனுப்பியதில்லை.

இப்படிக்கு,
ஒரு பயணியின் மகள்