புதன் மாலை வேதபாடம்: ஆதியாகமம் 6–8

சாட்ஸ்வொர்த் குழுவில் உள்ள அண்ணன், அக்கா, ஆன்ட்டி எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்தப் புதன் மாலை 6.30க்கு நோவாவின் பேழையைப் படிக்கிறோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் டர்பன் நகரம் பட்ட பாட்டைப் பார்த்த நமக்கு இது வெறும் கதை இல்லை.

வருமுன் 6:14 வாசியுங்கள். பேழையின் உள்ளும் புறம்பும் கீல் (தண்ணீர் புகாமல் தடுக்கும் தார்) பூசச் சொன்னார் தேவன். வெளியே பூசினால் ஊர் பார்க்கும். உள்ளே பூசுவதை யார் பார்ப்பார்? 300 முழ நீளத்துக்கும் நோவா பூசினார். கீழ்ப்படிதல் என்றாலே எனக்குக் கீல் அப்பிய அந்தக் கைகள்தான் கண்ணில் நிற்கின்றன.

அப்புறம் 8:13–16. முதல் மாதம் முதல் தேதியே தரை காய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டார். ஆனாலும் இரண்டாம் மாதம் 27ஆம் தேதி தேவன் "புறப்படு" என்று சொல்லும்வரை உள்ளேயே இருந்தார். அந்தக் காத்திருப்பைப் பற்றி நிறையப் பேசலாம், தமிழ் வேதாகமத்தோடு வாருங்கள்.