பேச்சு வரவில்லை, பாட்டு வருகிறது

கொழும்பு 13
18.12.2024

அன்பின் ஜெயா,

நாங்கள் இருக்கிறோம். நீ அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். நலம் விசாரிப்பு இவ்வளவுதான். உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஃபோனில் தொடங்கினால் நீ நடுவில் புகுந்து புகுந்து என்னை முடிக்க விடமாட்டாய், அதனால்தான் கடிதம்.

இவர் பாடினார்.

ஞாயிற்றுக்கிழமை, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில், தமிழ்ப் பூசையில். ஆகஸ்டில் பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாயில் வருவது 'அது', 'இல்லை' என்ற இரண்டு சொல்லும்தான் என்று உனக்குத் தெரியும். அதிலும் ஓம் என்று நினைத்துக்கொண்டு 'இல்லை' என்பார், பிறகு தான் சொன்னதைத் தானே கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். சோறு வேண்டுமா என்றால் 'இல்லை'. கோப்பையை எடுத்துக்கொண்டு போனால் கோபம்.

திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறு அது. ஊதாவை விட்டுவிட்டு சுவாமி ரோஸ் உடுப்போடு வருகிற நாள். சின்னதில் நாம் இரண்டு பேரும் 'ஐஸ்கிறீம் சுவாமி' என்று சிரித்து, சிஸ்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டினோமே, அதே ஞாயிறு. முதல் வாசகம் செப்பனியா. பிறகு பதிலுரைப் பாடல், எசாயா 12ஆம் அதிகாரம். அந்தப் பாட்டுக்கு எங்கள் பாடகர் குழு பாடுவது இவர் போட்ட மெட்டு. எத்தனை வருஷமாகப் பழக்கினாரோ, எத்தனை பிள்ளைகளைத் திட்டினாரோ!

நாங்கள் ஓரத்து வாங்கில் இருந்தோம். இடது கையால் முன் வாங்கின் விளிம்பைப் பிடித்திருந்தார். உணர்ச்சியில்லாத வலது கையை நான் என் மடியில் எடுத்து வைத்திருந்தேன். முதல் தடவை எல்லோரும் 'ஆர்ப்பரித்து அக்களியுங்கள்' என்று பாடியபோது, பின்னாலிருந்து யாரோ கட்டைக் குரலில் பாடுகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை திரும்பிப் பார்த்தேன். அவருடைய தொண்டை அசைந்தது. வாயின் ஒரு பக்கம் இன்னும் கோணல்தான், எச்சில் வழிகிறது, ஆனால் சொல் முழுதாக வருகிறது. 'அக்களியுங்கள்' என்ற சொல்லில் எங்கேயும் தட்டுப்படவில்லை. தண்ணி என்று கேட்க முடியாத மனுஷன் ஜெயா!

கீபோர்டில் இருந்த பையனுக்கும் கேட்டிருக்கிறது. இவரிடம் படித்த பிள்ளைதானே. பாட்டு முடிந்த பிறகும் விடாமல் அந்தப் பல்லவியை இன்னொரு தடவை வாசித்தான். இவர் இன்னொரு தடவை பாடினார். நான் அழுதேனா சிரித்தேனா என்று பக்கத்தில் இருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பூசை முடிந்து ஓட்டோ பிடிப்பதற்குள் செபமாலை மாமி ஒழுங்கை முழுக்க 'அற்புதம்' என்று சொல்லியாகிவிட்டது. மாமியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்ன விஷயத்தையும் ஊருக்குப் பரப்புகிறவர். நான் மறுத்துச் சொல்லவில்லை, ஆனால் அந்தச் சொல்லை நான் எடுக்கவும் இல்லை. வார்டில் இவருக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெடியன் கிடந்தான், அவனுக்கு ஒன்றுமே திரும்பி வரவில்லை. அவனுடைய அம்மா என்னைவிட அதிகமாகச் செபித்தாள். இவருக்கு நடந்ததை அற்புதம் என்றால் அவளுக்கு என்ன பதில்?

திங்கட்கிழமை பேச்சுப் பயிற்சிக்குப் போனபோது அந்த மிஸ்ஸிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. பேச்சை நடத்துவது பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பக்கமாம், இவருக்கு அடைப்பு வந்ததும் அங்கேதான். மெட்டைப் பிடித்து வைப்பதில் வலது பக்கத்துக்குப் பெரிய பங்காம். அதனால் ஒரு வசனம் சொல்ல முடியாதவர்கள், பழகிய பாட்டைச் சொல்லோடு பாடிவிடுவது உண்டாம். இதை வைத்தே ஒரு பயிற்சி 1970களில் தொடங்கியிருக்கிறார்கள். சொல்ல வேண்டியதை ராகத்தில் இழுத்துச் சொல்ல வைப்பது, ஒவ்வொரு அசைக்கும் இடது கையால் மேசையில் தட்ட வைப்பது. இப்போது வீட்டில் அதுதான் வேலை. 'தண்-ணி தா', தட்டு, தட்டு, தட்டு. மூன்று சுரம். நேற்றுப் பின்னேரம் அந்த மூன்று சுரத்தில் என்னிடம் தண்ணி கேட்டார். தேத்தண்ணிதான் வேண்டும் என்று பிறகு சைகையில் விளங்கப்படுத்தினார், அது வேறு கதை.

மிஸ் விளக்கியதைக் கேட்டு என் சந்தோஷம் குறைந்ததா என்று நீ கேட்பாய். இல்லை, கூடியது. மனுஷனுடைய மண்டைக்குள் பேச்சு உடைந்தாலும் பாட்டு தப்பிக்கிற மாதிரி ஒருவர் படைத்து வைத்திருக்கிறார் என்றால், அதற்கு நான் எப்படி நன்றி சொல்லாமல் இருப்பது?

சரி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். போன மாதம் நீ அனுப்பிய வொய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். 'ராஜி, நீ சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொல்வது உண்மையா, கோவிலுக்காகச் சொல்கிற கதையா? மனோ போன பிறகு எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது.' நீ கோபத்தில் கேட்டாலும் சரியான கேள்விதான்.

முதலில் எங்கள் நிலைமையை ஒளிக்காமல் சொல்கிறேன். 2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதி நின்று, பழைய சோனகத் தெருக் கடையை மூடினோம். மகன் கட்டாருக்குப் போனான். அனுப்புகிற காசு மருந்துக்கும் ஓட்டோவுக்கும் போகிறது. தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தொட்டுவிட்டது, உங்கள் ஊர் விலையோடு ஒப்பிட்டுச் சிரிக்காதே. இவருக்கு வந்ததும் விடியப்புறம், நித்திரையில். 1990 அம்புலன்சுக்கு அடித்தோம், கெதியாகவே வந்தார்கள். ஆனால் இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை, தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டுமாம். நித்திரையில் எப்போது தொடங்கியது என்று யாருக்குத் தெரியும்? போடவில்லை. (உன் அக்காவுக்கும் பிரஷர் இருக்கிறதே. வாய் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சுக் குழறினால், மணியைப் பார்த்துக்கொண்டு உடனே அம்புலன்சைக் கூப்பிடச் சொல்.) முதல் சில மாதங்களில் வருகிற முன்னேற்றம்தான் பெரிது, பிறகு மெதுவாகத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரவில் அவர் மூச்சு விடுகிறாரா என்று கை வைத்துப் பார்க்கிறேன். பயம் போகவில்லை.

இவ்வளவும் இருக்கும்போதுதான் சந்தோஷமும் இருக்கிறது. இதற்குப் பிறகு வரப்போகிற சந்தோஷம் என்று நான் சொல்லவில்லை. இப்போது, இதே வீட்டில்.

2019 உனக்கு ஞாபகம் இருக்கும், நீ இரவெல்லாம் ஃபோன் அடித்துக்கொண்டிருந்தாய். உயிர்ப்பு ஞாயிறு, ஏப்ரல் 21. கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்புக் கோவில்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. 250க்கு மேற்பட்ட உயிர்கள். அடுத்த ஞாயிறு கோவில்கள் பூட்டியிருந்தன. கர்தினால் தன் இல்லத்தில் வைத்த பூசையை டிவியில் பார்த்தோம். இவர் கதிரையை இழுத்து டிவிக்கு முன்னால் போட்டு, வீட்டுக்குள் தனியாக நின்று சத்தமாகப் பாடினார். எனக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கும் எப்படிப் பாட வருகிறது என்று கேட்டேன். 'அழுகிறதற்கும் பாட்டு இருக்குத்தானே' என்றார். 150 திருப்பாடல்களில் மூன்றில் ஒன்றாவது புலம்பல் என்று அன்றைக்கு அவர் சொல்லித்தான் தெரியும். 88ஆவதைப் படித்துப் பார், கடைசி வரி வரைக்கும் இருட்டு. ஒரு ஆறுதல் வார்த்தை கூட இல்லாமல் முடிகிறது. அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். அழ விடாத விசுவாசம் எங்களுடையது இல்லை ஜெயா. மனோவுக்காக நீ அழுவதை நிறுத்த வேண்டும் என்று யாராவது அங்கே உனக்குச் சொல்லியிருந்தால் அவர்கள் திருப்பாடல்களைப் படித்ததில்லை.

ஜூன் 12, அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள், கோவிலைத் திரும்பத் திறந்தார்கள். உள்ளே இராணுவம், வெளியே பரிசோதனை. இவர் பாடகர் குழுவோடு சேர்ந்து பாடினார், குரல் உடைந்தது, நிறுத்தவில்லை.

இந்த ஞாயிறு இரண்டாம் வாசகம் பிலிப்பியர், பிலிப்பி ஊர் ஆக்களுக்குப் பவுல் எழுதிய கடிதம். 'ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள். மீண்டும் கூறுகிறேன், மகிழுங்கள்.' உனக்கு எரிச்சல் தருகிற அதே வரிதான். வீட்டுக்கு வந்து நாலு அதிகாரத்தையும் இருந்து படித்தேன். எழுதுகிறவர் சங்கிலியில் கிடக்கிறார். பிலிப்பி ஆக்கள் உதவி கொடுத்து எப்பப்பிராதித்து என்ற ஒருவரை அவரிடம் அனுப்புகிறார்கள். வந்த மனுஷனுக்குச் சாகும் அளவுக்கு வருத்தம். அவர் பிழைத்ததைச் சொல்லும்போது பவுல் என்ன எழுதுகிறார் தெரியுமா? துயரத்துக்கு மேல் துயரம் வராதபடி கடவுள் எனக்கும் இரங்கினார் என்கிறார். அப்படியென்றால் ஒரு துயரம் ஏற்கெனவே இருக்கிறது, அதை அவர் மறைக்கவில்லை. மகிழுங்கள் என்ற வரியும் துயரம் என்ற சொல்லும் ஒரே கடிதத்தில்.

இன்னொன்று. இதே பவுல்தான் முன்பு பிலிப்பியில் அடி வாங்கி, கால்களைத் தொழுமரத்தில் மாட்டிச் சிறையில் கிடந்தவர். நடுச்சாமத்தில் அவரும் சீலாவும் பாடினார்கள், மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று திருத்தூதர் பணியில் இருக்கிறது. ஆகவே அவர் மகிழுங்கள் என்று எழுதியபோது அந்த ஊர்க்காரருக்கு இது சும்மா எழுதுகிற ஆள் இல்லை என்று தெரியும். அவர்களுடைய ஊர்ச் சிறையிலேயே பாடிக் காட்டிய மனுஷன். சுகமாக இருக்கிற யாராவது எனக்கு இதைச் சொன்னால் நானும் கேட்கமாட்டேன். சங்கிலியில் இருந்து சொல்கிறார், அதனால் கேட்கிறேன்.

அந்த வரிக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பார். எவோதியா, சிந்திக்கே என்று இரண்டு பெண்கள். சண்டை. ஒத்துப்போங்கள் என்று பேர் சொல்லிக் கேட்கிறார், அதன் பிறகுதான் மகிழுங்கள். படித்தவுடன் உன்னையும் உன் அக்காவையும் நினைத்தேன். காணி விஷயம் எனக்குத் தெரியும், நியாயம் உன் பக்கம்தான், அதையும் சொல்கிறேன். ஆனாலும் ஒரே நகரத்தில் இரண்டு பேரும் தனித்தனியாக நத்தார் சாப்பாடு சாப்பிடுவது எனக்கு நெஞ்சுக்குள் குத்துகிறது.

ஏனென்றால் எனக்கு இந்தச் சந்தோஷம் தனியாக இருந்தபோது வந்ததே இல்லை. முழங்காலில் நின்று பார்த்தேன், வெறும் களைப்புத்தான் வந்தது. வந்ததெல்லாம் ஆக்களோடுதான். பாடகர் குழுப் பெடியன்கள் முறை போட்டு வந்து இவரைக் குளிக்க வார்க்கிறார்கள். கடைத் தெருவில் பக்கத்துக் கடை வைத்திருந்த நானா வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது மீன் கொண்டுவந்து தருகிறார், காசு நீட்டினால் கோபிக்கிறார். ஞாயிறு நற்செய்தியில் மக்கள் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்க, திருமுழுக்கு யோவான் இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு என்கிறார். எங்கள் வீட்டுக்கு அந்த இரண்டாவது அங்கி பல பேர் கையால் வந்துகொண்டே இருக்கிறது. கடவுள் பக்கத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிவது அப்படித்தான். செப்பனியாவில் ஆண்டவரே உன்னைக் குறித்து மகிழ்ந்து ஆடிப்பாடுவார் என்று வருகிறது. நாங்கள் பாடுவது இருக்கட்டும், அவர் பாடுகிறாராம், எங்களைப் பற்றி! அதை வாசித்த கொஞ்ச நேரத்தில்தான் இவர் வாய் திறந்தார்.

மற்றச் செய்திகள்: கீழ் வீட்டு அக்காவின் மகளுக்கு ஜனவரியில் கல்யாணம். நம் ரீச்சருக்குக் கண் ஒப்பரேஷன் முடிந்து நன்றாகத் தெரிகிறதாம், உன்னை விசாரித்தார். கேக் இந்த முறை அரை அளவுதான் போட்டேன், முந்திரிப்பருப்பு விலைக்கு வேறு வழியில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது. அக்காவுக்கு இன்றைக்கே ஃபோன் அடி. காணியைப் பற்றிக் கதைக்காதே, நத்தாருக்கு வரட்டுமா என்று மட்டும் கேள். 24ஆம் திகதி இங்கே இரவு பன்னிரண்டு என்றால் உனக்குப் பகல் ஒன்றரை. இவரை இரவுப் பூசைக்குக் கூட்டிப்போக முடியாது, அதனால் பெடியன்கள் வீட்டுக்கு வந்து பாடுகிறார்கள். வீடியோவில் எடுப்பேன். நீ அக்கா வீட்டில் இருந்து எடுக்க வேண்டும், பின்னால் அவளுடைய சமையலறை தெரிய வேண்டும். நீ எடுக்காவிட்டால் அக்காவுக்கே நேராக அடிப்பேன், நம்பர் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
ராஜி

பி.கு.: மனோவுக்குப் பிடித்த அந்தப் பழைய நத்தார்ப் பாட்டை இவரோடு பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு வரி வந்துவிட்டது, மூன்றாவதில் இன்னும் சறுக்குகிறது. 24க்குள் சரிவந்தால் உனக்காகப் பாடுவார். சரிவராவிட்டால் இரண்டு வரியோடு விடுவோம்.