பார்த்த பிள்ளைகளின் கணக்கு மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை வட்டார அங்கன்வாடிகளில் நடமாடும் மருத்துவக் குழு குழந்தைகளைப் பரிசோதிக்கும் செய்தி அவ்வப்போது படத்தோடு வருகிறது. எத்தனை பேரைப் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையும் இருக்கும். அன்று வராத பிள்ளைகள் எத்தனை, மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தவர்களில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை என்பது மட்டும் வருவதே இல்லை. எங்கள் கடிதம் அதைப் பற்றித்தான்.

2013இல் தொடங்கிய, பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டப்படி இந்தக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். ஒரு தடவை தவறினால் கைக்குழந்தைக்கு அரை வருடம் வீணாகிவிடும். தவறுவது யார்? பெரும்பாலும் 3 வயதுக்கு உட்பட்டவர்கள், அங்கன்வாடிக்குத் தினமும் வராதவர்கள். காரைக்குடி பக்கம் புதுவயல் அரிசி ஆலைகளிலும் கல் குவாரிகளிலும் தங்கி வேலை பார்க்கும் வெளியூர்க் குடும்பங்களின் பிள்ளைகள் பதிவேட்டிலேயே இருக்க மாட்டார்கள். நடவும் களையெடுப்பும் நடக்கும் நாளில் காலை 10 மணிக்கு வண்டி வந்தால் தாய் வயலில் இருப்பார், பிள்ளையைத் தூக்கி வருவது அப்பத்தாதான். பிறந்த தேதி கேட்டால் "போன ஆடிக்கு முந்தின ஆடி" என்பார். மாதக்கணக்குத் தெரியாமல் வளர்ச்சி அட்டவணையைப் பார்க்கவே முடியாது. தடுப்பூசி அட்டையோடு வரச் சொல்லி கிராம சுகாதாரச் செவிலியர் இரண்டு நாள் முன்பே வீடு வீடாகச் சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆலை வாசலில் ஒரு மாலைநேர முகாம் போட்டால் மீதியில் கொஞ்சம் தீரும்.

அடுத்தது அளவெடுப்பது. இங்கேதான் அதிகம் சறுக்குகிறது. எடைக் கருவி மண் தரையில் ஆடினால் எண் மாறும். கெட்டியான, மட்டமான தரை வேண்டும். (அந்த வகையில் ஆத்தங்குடிக் கல் பதித்த பழைய வீட்டு முகப்பை விட நல்ல இடம் கிடையாது. கேட்டால் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.) ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்பு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சட்டை, தண்டை, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிய பிறகே நிறுக்க வேண்டும். மெலிந்த குழந்தைக்கு 200 கிராம் கூடக் காட்டினாலே சத்துக்குறைவுப் பட்டியலிலிருந்து விடுபட்டுவிடலாம். 2 வயதுக்குள் படுக்க வைத்து நீளம், அதற்கு மேல் நிற்க வைத்து உயரம். நீளப் பலகைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க, மற்றவர் முழங்காலை அமுக்கிப் பாதத் தட்டை நகர்த்துவார். ஒரே ஆள் செய்தால் முழங்கால் மடங்கி நீளம் குறைந்துவிடும். நீளம் குறைந்தால் அந்த நீளத்துக்கு எடை சரியாக இருப்பது போலத் தோன்றும், மெலிவு மறைந்துவிடும்.

சத்துக்குறைவை நிறத்தில் காட்டும் மேல்கைச் சுற்றளவு நாடா 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கு. இடது கை, தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவே, கை தளர்ந்து தொங்க வேண்டும். 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, அது கடுமையான சத்துக்குறைவு. 12.5 வரை மஞ்சள். தாயத்துக் கயிற்றின் மேலேயே நாடாவைச் சுற்றுவதும், சதை பிதுங்க இறுக்குவதும் அன்றாடம் நடக்கிற தவறுகள். இரண்டு பாதத்திலும் கட்டைவிரலால் 3 விநாடி அமுக்கிப் பள்ளம் விழுகிறதா என்று பார்ப்பதை எப்போதும் விடக்கூடாது. நீர் கோர்த்த பிள்ளைக்கு எடை போதுமானது போலக் காட்டும்.

ரத்தப் பரிசோதனையில் விரல் நுனியைப் பிதுக்கக் கூடாது. பிதுக்கினால் திசுநீர் கலந்து ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும். முதல் துளியைத் துடைத்துவிட்டு, தானாக வரும் துளியை எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் பூட்டிய வண்டிக்குள் கிடந்த, ரத்தத் துளி வைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் எதற்கும் உதவாது. டப்பியை மூடி, நிழலில், உறையில் அச்சிட்ட வெப்ப அளவுக்குள் வைக்க வேண்டும். இரும்புச்சத்து சிரப்பு, 5 வயதுக்குள் தடுப்பு முறையில் வாரம் 2 நாள் 1 மி.லி. ரத்தசோகை உறுதியான பிள்ளைக்கு எடைக்கேற்ற அளவில், தினமும், இரண்டு மாதம். மலம் கறுப்பாகப் போகும் என்று முன்பே சொல்லாவிட்டால் தாய்மார் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். பாலோடும் டீயோடும் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும்.

இதயக் கோளாறு பார்க்கும்போது நகத்தில் மருதாணி இருந்தால் விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்ஸிஜன் அளவு பிசகலாம், அதைக் கால்விரலில் மாட்டிப் பார்க்கலாம். நீலம் பாய்ந்திருப்பதை நம் ஊர்ப் பிள்ளைகளின் தோலில் தேடுவதை விட நாக்கிலும் ஈறிலும் பார்ப்பது நல்லது. பல், தோல், காதுச் சீழ் எல்லாம் டார்ச்சில் நொடியில் தெரியும். வளர்ச்சித் தாமதம் அப்படியில்லை. "பேசுறானா?" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று கூடுதலாக ஒரு சமாதானமும் வரும். பிள்ளையை எழுந்து நடக்கச் சொல்லி, பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். 18 மாதத்தில் தனியே நடக்காத, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளையை "பொறுத்துப் பார்ப்போம்" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

மேல்சிகிச்சைச் சீட்டில் துறைப் பெயரை மட்டும் எழுதினால் அது அலமாரியில்தான் கிடக்கும். எந்தக் கிழமை அந்த டாக்டர் இருப்பார், எத்தனை மணிக்குள் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும், ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இவற்றில் எதெல்லாம் வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். புதுவயலிலிருந்து காரைக்குடிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் சிவகங்கைக்கு ஒரு பஸ், ஒருநாள் கூலி போச்சு. போன இடத்தில் "நாளைக்கு வாங்க" என்றால் அந்தக் குடும்பம் மறுபடி வராது. ஒரே ஊரிலிருந்து நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரே நாள் குறித்து, அந்த நாளில் குழுவின் வண்டியிலேயே அழைத்துப் போக மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யலாம்.

இன்னொன்று போன் நம்பர். பல வீடுகளில் பதிவாகியிருப்பது சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் தகப்பனின் பழைய எண். அழைத்தால் யாரும் எடுப்பதில்லை, பதிவேட்டில் "தொடர்பு கொள்ள இயலவில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். பிள்ளையோடு வீட்டில் இருப்பவரின் எண், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு எண், இரண்டையும் வாங்கி அங்கேயே ஒரு ரிங் விட்டுச் சரிபார்க்க வேண்டும். அடுத்த முறை இந்தச் செய்தியைப் போடும்போது நாங்கள் முதலில் சொன்ன அந்த இரண்டு எண்ணிக்கையையும் தங்கள் நிருபர் கேட்டு வாங்கிப் போட வேண்டுகிறோம்.

ஓய்வுபெற்ற சுகாதாரச் செவிலியர்கள் சிலர்,
காரைக்குடி