படம் வரைந்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் நூல் அறிமுகப் பகுதியில், கோடை விடுமுறையை ஒட்டி வெளியான சிறுவர் நூல் பட்டியலைக் கண்டேன். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான படப் புத்தகங்களுக்கும் அதில் இடம் கொடுத்திருந்தது மகிழ்ச்சியளித்தது. ஆயினும், எழுதியவர் பெயர், பதிப்பகம், விலை, தொலைபேசி எண் எல்லாம் தவறாமல் இடம்பெற்ற அப்பட்டியலில், படம் வரைந்தவர் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. கதைச் சுருக்கமும் 'குழந்தைகள் அறிந்துகொள்ளும் நீதி' என்று ஒரு வரியும் மட்டுமே மதிப்புரையாக அமைந்திருந்தன. கிளை நூலகம் ஒன்றில் பணியாற்றி, அதன் சிறுவர் பகுதியையும் கவனித்துவந்தவன் என்ற முறையில் இது குறித்துச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எழுத்துக்குத் துணையாகப் படம் போடப்பட்ட புத்தகம் வேறு, படப் புத்தகம் வேறு. பின்னதில் கதையின் ஒரு பாதியைச் சொற்களும் மறுபாதியைப் படங்களும் சொல்கின்றன. சில வேளைகளில் இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகவும் பேசுகின்றன. பேட் ஹட்சின்ஸ் எழுதி, வரைந்து 1968இல் வெளிவந்த 'ரோசிஸ் வாக்' என்ற ஆங்கிலப் புத்தகத்தில் மொத்தமே 32 சொற்கள்தான். ரோசி என்னும் கோழி பண்ணை முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, மாவு ஆலையைத் தாண்டி நடந்துபோய், இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடுகிறது என்பதற்கு மேல் அச்சொற்களில் எதுவும் இல்லை. ஆனால் கோழியின் பின்னாலேயே ஒரு நரி பதுங்கி வருவதையும், அது பாயும்போதெல்லாம் வாருகோல் முகத்தில் அடிப்பதையும், குளத்தில் விழுவதையும், மாவு மூட்டை தலையில் கொட்டுவதையும் படங்கள் மட்டுமே காட்டுகின்றன. நரி என்ற சொல்லே அப்புத்தகத்தில் கிடையாது. பெரியவர் எழுத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்க, எழுத்தறியாத குழந்தையோ அவருக்கு முன்பே நரியைக் கண்டுபிடித்துவிடுகிறது. இப்புத்தகத்துக்குக் கதைச் சுருக்கம் எழுதி, நீதியும் கேட்டால் என்ன கிடைக்கும்? 'கோழி உலாப் போனது' என்பதுதான்.

புத்தகக் காட்சிகளில் பெற்றோர் புத்தகம் தேர்ந்தெடுக்கும் விதத்தைக் கவனித்தால், படத்தை விட்டு எழுத்தை மட்டும் பார்க்கும் இந்தப் பழக்கம் இதழ்களோடு நிற்கவில்லை என்பது புரியும். பதினாறு பக்கத்துக்கு இவ்வளவு விலையா என்று முதலில் வியப்பார்கள். பிறகு, பக்கத்துக்கு எத்தனை வரி இருக்கிறது என்று பார்ப்பார்கள். வரி குறைவாக இருந்தால் காசுக்குக் கேடு என்று திரும்ப வைத்துவிடுவார்கள். நான் அவர்களுக்குச் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: சொற்களைப் படிக்காமல், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படங்களை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கதை ஓரளவேனும் பிடிபடுகிறதா, பக்கத்தைப் புரட்டும்போது அடுத்து என்ன என்ற ஆவல் எழுகிறதா, கதையில் சொல்லப்படாத பூனையோ எறும்போ மூலையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறதா என்று கவனியுங்கள். நடுப்பக்கத்தை விரித்து, முகம் ஏதும் தையலில் சிக்கி விழுங்கப்படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே படத்தை வைத்துப் பல மொழிகளில் வெளியிடும் புத்தகங்களில், தமிழ் வாசகம் நீளும்போது எழுத்தின் அளவைச் சுருக்கிப் படத்தின் மேலேயே ஏற்றிவிடுவதும் நடக்கிறது. இது பதிப்பாளர்கள் கவனிக்க வேண்டியது.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு படிநிலைகளாகப் பிரித்துத் தந்திருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் படிநிலைகள் குழந்தை தானே படிப்பதற்கு உரியவை. மடியில் உட்காரவைத்து நாம் படித்துக்காட்டும் புத்தகத்துக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவர வேண்டியதில்லை. படித்துக்காட்டும்போது பக்கத்தைச் சட்டென்று புரட்டிவிடாமல் குழந்தையின் விரல் படத்தில் ஊர்ந்து முடியும் வரை பொறுத்திருப்பதும், முடிந்தவுடன் 'இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?' என்று தேர்வு வைக்காமல் இருப்பதும் போதும். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன என்பதையும் விலை குறித்துக் கவலைப்படுவோர் அறிந்திருக்கலாம். கைப்பேசியின் சிறு திரையில் பார்ப்பதைவிட அச்செடுத்துக் கொடுப்பது மேல்.

மீண்டும் பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க நூலகச் சங்கம் 1938 முதல் வழங்கிவரும் கால்டெகாட் பதக்கம், படப் புத்தகத்தை வரைந்த ஓவியருக்கே போகிறது. நம் சாகித்திய அகாதெமி 2010 முதல் அளித்துவரும் பால சாகித்திய புரஸ்கார் எழுத்தாளருக்கு உரியது. ஓவியருக்கு அதில் பங்கில்லை. சென்னையிலேயே இயங்கும் தாரா புக்ஸ் பதிப்பகம், கருப்புத் தாளில் கையாலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' நூலில், பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய கோண்டு பழங்குடி ஓவியர்களின் பெயர்களே நூலாசிரியர் இடத்தில் உள்ளன. 2008இல் இத்தாலியின் போலோனியா குழந்தை நூல் கண்காட்சியில் அந்நூல் பரிசும் பெற்றது. நம் ஊரில் அச்சான நூலுக்கு அங்கே கிடைத்த கவனத்தில் ஒரு பங்காவது நம் மதிப்புரைப் பக்கங்களில், தமிழில் வரும் படப் புத்தகங்களின் ஓவியர்களுக்குக் கிடைக்க வேண்டாமா?

ஆகவே, இனிவரும் அறிமுகங்களில் எழுதியவர் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில், ஓவியர் பெயரையும் வெளியிட வேண்டுகிறேன். அட்டைப் படத்துக்குப் பதிலாக உள்பக்கம் ஒன்றைப் பதிப்பகத்தின் அனுமதியுடன் அச்சிட்டால், பெற்றோர் தாங்களே பார்த்து முடிவு செய்துகொள்வார்கள். இடம் போதாதென்றால் நீதி வரியை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
தஞ்சாவூர்