வேருக்கு ஒரு மீட்டர் மண் விடுங்கள்

சென்னைத் தெருக்களில் வடிகால் தோண்டுகிற, நடைபாதை போடுகிற பொறியாளர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும்,

வணக்கம். எங்கள் தெருமுனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அடித்த அன்று வீட்டு மதில்மேல் சாய்ந்துவிட்டது. எல்லோரும் காற்றைத் திட்டினார்கள். நான் அடிமரத்தைப் போய்ப் பார்த்தேன். மதில் பக்கத்து வேர்கள் பாதி இன்னும் மண்ணைப் பிடித்திருந்தன. மேலே கிளம்பி நின்ற சாலைப் பக்கத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி எல்லா வேரும் ஒரே இடத்தில் முடிந்திருந்தது. முனைகள் நார்நாராகக் கறுத்து, விரலால் அழுத்தினாலே உதிர்ந்தன. அந்தப் பக்கம்தான் முன்பு ஜேசிபி வைத்து வடிகால் தோண்டியிருந்தார்கள்.

வேர் என்றால் கிணறு மாதிரி நேரே கீழே போகும் என்று நினைக்கிறோம். இல்லை. சத்து உறிஞ்சுகிற சல்லிவேர்கள் பெரும்பாலும் மேலாக இரண்டடி மண்ணுக்குள்தான் பரவியிருக்கும், அவற்றுக்கு மூச்சுவிடக் காற்றும் வேண்டும். அடிமரம் வரை காங்கிரீட் போட்டால் காற்றுக்கு அவை எங்கே போகும்?

இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில் மழைக்காட்டை எடுத்துவிட்டு ரப்பரும் எண்ணெய்ப்பனையும் நட்ட இடங்களில் வேர்களை எடுத்து ஆராய்ந்தபோது, காட்டில் இருந்த உயிர்ப்பு அவற்றில் இல்லை, நைட்ரஜன் குறைந்து அலுமினியமும் இரும்பும் கூடியிருந்தன. மேலே பார்த்தால் அங்கேயும் பச்சைதான். நம் தெருவிலும் அப்படித்தான், விழுகிற வரை.

அடையாறு ஆலமரத்தைப் பாருங்கள். 1989-இல் தாய்த்தண்டே விழுந்தது, ஆனால் விழுதுகள் மண்ணில் இறங்கி வேர்பிடித்திருந்ததால் மரம் பிழைத்துக்கொண்டது. (தெருமரத்துக்கு அந்த வசதி ஏது.)

வடிகால் வேண்டாம் என்று சொல்லவில்லை, 2015 வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் தண்ணீர். கேட்பது இவ்வளவுதான்: மரத்தடியில் சுற்றிலும் ஒரு மீட்டர் மண்ணை மூடாமல் விடுங்கள். டெல்லி மரங்களுக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே இதைத்தான் சொன்னது. மரத்தை நெருங்கும்போது ஜேசிபியை நிறுத்திவிட்டு ஆள் வைத்துத் தோண்டுங்கள். வேரை வெட்டியே ஆக வேண்டுமென்றால் ரம்பத்தால் அறுங்கள், ஜேசிபி வாளியால் பிய்க்காதீர்கள்; பிய்ந்த வேர் அழுகும்.

அப்புறம், அடுத்த வாரம் எங்கள் தெருவில் வேலை. சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது, புங்கமரத்திலிருந்து சரியாக இரண்டு சாண் தள்ளி. சுண்ணாம்புதானே, அழித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். காலை ஆறு மணிக்கு வந்தாலும் சரி, கூட நிற்க நான் இருக்கிறேன்.