"மாஸ்டர் வர்றாரா?": இந்த சீசன் மாற்றங்கள் பற்றி ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் டூர் நோட்டீஸ் வெளியானதும் கும்பகோணம் ஆபீஸுக்கு வரும் முதல் போனில் கட்டணம் பற்றிய பேச்சு இருக்காது. "மாஸ்டர் வர்றாரா?" என்று எங்கள் சமையல்காரரைப் பற்றித்தான் கேட்பார்கள். எந்த ஊர், எத்தனை நாள், ஏசியா நான்-ஏசியா என்பதெல்லாம் அப்புறம்தான். காசியில் இட்லி, டெல்லியில் வத்தக்குழம்பு, மணாலியில் மிளகு ரசம் என்று கொட்டை எழுத்தில் போட்டு ஆள் சேர்த்தவர்கள் நாங்கள். அதனால் இப்போது சொல்லப்போவதையும் நாங்களே சொல்லிவிடுவதுதான் முறை.

வரும் சீசனிலும் மாஸ்டர் வருவார். ஆனால் மூன்று வேளையும் சமைக்க மாட்டார். காலை டிபனும் காபியும் அவர் பொறுப்பு. மதியம் அந்தந்த ஊர்ச் சாப்பாடு, அந்த ஊர்க்காரர்கள் சமைத்தது. இரவில் தங்கும் இடத்தில் முறையான அடுப்படி கொடுத்தால் மட்டும் நம் சமையல். இல்லாவிட்டால் அங்கே கிடைக்கும் சப்பாத்தி பருப்புதான். தயிர்சாதத்துக்கு மட்டும் எந்த நாளும் பங்கம் வராது, அதற்கு நான் பொறுப்பு. இதோடு சில டூர்களில் இடங்கள் குறைகின்றன, முன்பணம் கட்டும் தேதியும் மாறுகிறது. ஏன் என்று கேட்பீர்கள்.

முதலில் தீயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை, மதுரை ரயில்வே யார்டில் நின்றிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி எரிந்தது. லக்னோவிலிருந்து ராமேஸ்வரம் தரிசனத்துக்குக் கிளம்பி வந்தவர்கள் தனியாக எடுத்திருந்த பெட்டி அது. விதிக்கு விரோதமாக உள்ளே கேஸ் சிலிண்டர் வைத்திருந்தார்கள். டீ போட அடுப்பைப் பற்றவைத்தபோது பிடித்த தீயில் ஒன்பது பேர் இறந்தார்கள். டிவியில் எரிந்த பெட்டிக்குப் பக்கத்தில் பாத்திரங்களும் உருளைக்கிழங்கும் சிதறிக் கிடந்ததைக் காட்டினார்கள். என்னால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் தன் வீட்டு டீயும் தன் வீட்டுக் கிழங்கும் வேண்டும் என்று நினைத்தவர்கள். நம் ஆட்கள் டெல்லியில் வத்தக்குழம்பு கேட்பதும் அதே மனசுதானே? எங்கள் அப்பா காலத்தில் நாங்களும் ரயிலில் மண்ணெண்ணெய் ஸ்டவ் கொண்டுபோயிருக்கிறோம். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒன்றும் நடக்காமல் போனது எங்கள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். ரயிலில் இனி எந்த அடுப்பும் கிடையாது. ஹோட்டல் அறையில் இண்டக்‌ஷன் வைப்பதும் கிடையாது.

இரண்டாவது காரணம் ஒரு சாக்கடை. வடக்கே ஒரு மலையூரில், பெயர் வேண்டாம், லாட்ஜின் பின்கட்டில் மாஸ்டர் நாற்பது பேருக்குச் சோறு வடித்தார். கஞ்சியும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் சரிவில் இறங்கி, கீழ்வீட்டு வாசலில் போய்த் தேங்கிவிட்டன. அந்த வீட்டு அம்மா மேலே ஏறி வந்து திட்டினார். பேசியதில் பாதி புரியவில்லை. கையில் துடைப்பம் இருந்தது நன்றாகப் புரிந்தது. மே மாதம், அவர்களுக்கே தண்ணீர் லாரியில் வருகிற காலம். 2018 கோடையில் ஷிம்லாவில் குழாய்கள் வறண்டபோது, தயவுசெய்து யாரும் டூர் வராதீர்கள் என்று அந்த ஊர்க்காரர்களே சமூக வலைத்தளங்களில் எழுதினார்கள். டூரிஸ்ட்டை நம்பிப் பிழைக்கிற ஊர் அப்படி எழுதுகிறது என்றால் எந்த அளவுக்கு நொந்திருக்கும், பாருங்கள்.

அந்தத் துடைப்பத்துக்கு அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பது பேர் ஒரு ஊரில் மூன்று நாள் தங்குகிறோம். அரிசி, துவரம்பருப்பு, புளி, அப்பளம், காபிப்பொடி எல்லாம் கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் வாங்கியவை. பஸ் டெல்லியில் பேசியது. கைடு எங்கள் ஆள். அந்த ஊருக்கு எங்களால் கிடைத்தது ரூம் வாடகையும் இரண்டு மூட்டைக் குப்பையும்தான். சுற்றுலாவால் ஊர் வளர்கிறது என்று மேடையில் பேசுகிறார்களே, அதில் எங்கள் பங்கு இதுதான் என்றால் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சுற்றுலா வளர்ச்சி என்றதும் வெள்ளைக்காரர் யானைமேல் உட்கார்ந்திருக்கும் படம்தான் பலருக்கு நினைவு வரும். அரசாங்கமும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தது. 1966-ல் இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கி, வெளிநாட்டுக்காரர் தங்கும் தரத்தில் ஹோட்டல்கள் கட்டியது. 2002-ல் 'இன்க்ரெடிபிள் இந்தியா' விளம்பரமும் வெளிநாட்டை நோக்கித்தான் போனது. ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். கொரோனாவுக்கு முந்தைய 2019-ல் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேர். அதே ஆண்டு நாட்டுக்குள்ளேயே நாம் போய்வந்த பயணங்கள் 230 கோடிக்கும் மேல். மாநிலங்களில் உத்தரப் பிரதேசம் முதலிடம், தமிழ்நாடு இரண்டாமிடம். அவர்கள் இங்கே ராமேஸ்வரத்துக்கு வருகிறார்கள், நாம் அங்கே காசிக்குப் போகிறோம். இந்த நாட்டில் சுற்றுலா என்றால் பெரும்பாலும் இதுதான். அதனால் மலையில் குப்பை சேர்ந்தால் அதில் நம் புளியோதரைப் பொட்டலமும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். உங்கள் கவலையும் அதுதான்.

போன சீசனில் இமாச்சலத்தின் காங்க்ரா பக்கம் ஒரு குழுவோடு இதைச் சோதித்துப் பார்த்தோம். அங்கே கல்யாணம், திருவிழா என்றால் 'தாம்' என்று ஒரு விருந்து போடுவார்கள். அச்சு அசல் நம் பந்திதான். தரையில் வரிசையாகப் பாய் விரித்து, தைத்த இலையில் சோறு. சோற்றுக்கு மேல் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும்: தயிரில் கொதித்த கொண்டைக்கடலை மத்ரா, கறுப்பு உளுந்துப் பருப்பு, புளிப்பாக ஒரு குழம்பு, கடைசியில் இனிப்புச் சோறு. வெங்காயம் பூண்டு சேர்க்காத சமையல். சமைப்பவர்களை அங்கே 'போட்டி' என்கிறார்கள். கைடு நல்லெண்ணத்தோடு, "இன்னைக்கு சாப்பாடு போட்டி பண்ணது" என்று சொல்லித் தொலைத்தார். நம் ஊரில் போட்டி என்றால் ஆட்டுக்குடல். இரண்டு மாமிகள் இலையை விட்டு எழுந்தேவிட்டார்கள். விளக்கிச் சொல்லி உட்கார வைக்கப் பத்து நிமிஷம் ஆனது. அதில் ஒருவர், ரிட்டயர்டு டீச்சர், புளிப்புக் குழம்பை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, "இது நம்ம புளிக்குழம்புக்குப் பெரியப்பா பிள்ளை" என்றார்.

எல்லா இடத்திலும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். கடுகெண்ணெய் வாசனை பிடிக்காதவர்களுக்கு முதல் இரண்டு நாள் கஷ்டம்தான். ஒடிசாவின் பூரி ஊரில் கவலையே இல்லை. ஜகந்நாதர் கோயிலில் மண்பானைமேல் மண்பானை அடுக்கி வேகவைக்கும் மகாபிரசாதம் ஆனந்த பஜாரில் கிடைக்கும். உருளைக்கிழங்கும் தக்காளியும்கூட அந்த மடைப்பள்ளிக்குள் நுழையாது. அங்கே போய் மாஸ்டரை சாம்பார் வைக்கச் சொன்னதை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. காசியில் அனுமான் காட், கேதார் காட் பக்கம் தமிழ் பேசுகிற குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. நகரத்தார் சத்திரம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. நாங்கள் அடுப்பு மூட்டாவிட்டால் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். காலையில் மட்டும் ஒரு நாள் கச்சோரியும் ஜிலேபியும் சாப்பிட்டுப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஜிலேபியைப் பார்க்க மட்டும் செய்யலாம்.

விதிவிலக்கு வடகிழக்கு. மேகாலயாவில் சாலையோரக் கடைகளில் நிறையக் கிடைப்பது ஜாதோ, பன்றி இறைச்சியோடு வேகவைத்த சோறு. அசைவக்காரர்கள் விட்டுவிடக் கூடாது. சைவக்காரர்களுக்குப் பல இடங்களில் நம்பகமான வழி இல்லை. அதனால் மேகாலயா, நாகாலாந்து டூர்களில் மாஸ்டர் பழையபடி முழு நேரமும் சமைப்பார்.

வடகிழக்கைப் பேசும்போதே பர்மிட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அருணாச்சலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் நான்குக்கும் இன்னர் லைன் பர்மிட் வேண்டும். அசாம், மேகாலயாவுக்கு வேண்டாம். "நம்ம நாட்டுக்குள்ள போக எதுக்கு சார் பர்மிட்?" என்று வருஷா வருஷம் யாராவது கோபப்படுகிறீர்கள். 1873-ல் வெள்ளைக்காரன் தன் வியாபாரத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கொண்டுவந்த சட்டம் அது. அவன் போன பிறகு அந்த மக்களே அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். சின்னச் சின்னச் சமூகங்கள். வெளியாட்கள் வந்து நிலத்தை வாங்கிக் குடியேறினால் தங்கள் மொழியும் வழக்கமும் கரைந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. மணிப்பூர் 2019 டிசம்பரில்தான், அதுவும் கேட்டு வாங்கி, இதற்குள் வந்தது. விருந்தாளி வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு உள்ளே போவதில்லையா? அந்த மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை நகலும் போட்டோவும் நேரத்தில் கொடுத்தால் மீதி வேலை எங்களுடையது.

இனி இடங்கள் குறைவது பற்றி. 'ஒன்பது நாளில் பதினோரு இடம்' என்று நாங்களே போட்டிருக்கிறோம். அதன் லட்சணம் என்னவென்றால், ஒரு முறை ரயில் தாமதமாகி ஆக்ராவுக்கு வியாழக்கிழமை போகவேண்டியவர்கள் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தோம். வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை. யமுனையின் எதிர்க்கரையில் மெஹ்தாப் தோட்டத்தில் நின்று எட்ட இருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினோம். மறுநாள் இருந்து பார்க்க நேரம் கிடையாது, அடுத்த ஊரில் ரூம் போட்டாயிற்று. இனி அந்த டூரில் ஆக்ராவில் இரண்டு இரவு.

இமயமலைப் பக்கம் இன்னும் பெரிதாக மாற்றியிருக்கிறோம். நான்கு தலங்களையும் ஒரே ஓட்டமாகப் பார்க்கும் சார்தாம் டூரை நிறுத்திவிட்டோம். கேதார்நாத், பத்ரிநாத் மட்டும். கேதார்நாத் கோயில் இருப்பது 3,500 மீட்டருக்கும் மேலே. கௌரிகுண்டிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் ஏற்றம். நம் காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த மூச்சுக்கு அந்த உயரம் பழக ஒரு நாளாவது வேண்டும், அதனால் குப்தகாசியில் ஒரு நாள் சும்மா இருப்போம். சும்மா என்றால் சும்மாதான், லிஸ்டில் எதையும் சேர்க்கச் சொல்லாதீர்கள். 2013 ஜூன் வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பத்ரிநாத் போகும் வழியில் உள்ள ஜோஷிமத்தில் 2023 ஜனவரியில் வீடுகள் விரிசல் விட்டு, குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். அந்த மலை எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரியாமலே ஆண்டாண்டாக பஸ்ஸை ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் நாங்களும் உண்டு. இப்போது யாத்திரைக்கு முன்பதிவு கட்டாயம், பதிவு இல்லாமல் மேலே விட மாட்டார்கள். இங்கே ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வந்ததும் இதே மாதிரி நெரிசலால்தான்.

முன்பணம்: ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் நான்கு மாதம் முன்பே டிக்கெட் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்போம். இப்போது அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். பெயர், வயது, அடையாள எண் எல்லாம் அதற்கு முன்பே எங்கள் கையில் இருந்தால்தான் எல்லோரையும் பக்கத்தில் பக்கத்தில் போட முடியும். ஆகவே பயண நாளுக்கு 75 நாள் முன்பு பாதிப் பணம். அன்றைக்குப் பிறகு சேருகிறவர்களுக்கு லோயர் பெர்த் உத்தரவாதம் தர முடியாது. முழங்கால் வலிச் சான்றிதழ் காட்டினாலும் முடியாது, மன்னிக்கவும்.

மாஸ்டர் வேலை குறைகிறதே, கட்டணம் குறையுமா? குறையாது. ஒரு நபருக்கு 1,200 ரூபாய் கூடும். உள்ளூர்க்காரர்கள் சமைத்துப் போடுவதற்கு அவர்கள் கேட்கிற விலையைக் கொடுக்கிறோம், அதில் பேரம் பேசுவதில்லை என்று முடிவு. மூன்று வேளையும் நம் சாப்பாடுதான் வேண்டும் என்பவர்கள் வருத்தப்பட வேண்டாம். அப்படி அழைத்துப் போகும் நல்ல ஏஜென்சிகள் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இருக்கின்றன. ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் பிடித்தம் இல்லாமல் திருப்பித் தருகிறோம். இந்த மாதம் முடிவதற்குள் சொல்லுங்கள்.

மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப மத்தியானம் நான் என்ன தம்பி பண்றது?" உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றேன். இருபத்திரண்டு வருஷமாக எங்களோடு வடக்கே போய்வருகிறவர், ஒரு மதியமும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. காங்க்ராவில் முதல் பந்தியிலேயே உட்கார வைத்தோம். மத்ராவில் புளிப்பு சரியாக இருக்கிறது, உப்பு ஒரு கல் கம்மி என்றார்.

இப்படிக்கு,
உங்கள் டூர் ஆபீஸிலிருந்து

பி.கு.: நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவரத் தடை இல்லை. மூடி இறுக்கமான டப்பாவில் கொண்டுவாருங்கள். போன முறை ஒருவருடையது கொட்டி, டெம்போ டிராவலர் சீட் துணியை மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.